ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்: சிறிய அறையில் குறைந்த செலவில் ஒலியைச் சீராக்குவது

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள கான்கிரீட் அறை, டைல்ஸ் பதித்த தரை, டிவி ஷோகேஸின் இரு ஓரத் தட்டுகளில், சுவர் மூலைகளை ஒட்டி வைத்த இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், ஒரு சிறிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். கடையில் தெளிவாகக் கேட்ட அதே ஸ்பீக்கர்கள் வீட்டில் மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் அதன் இடப்பக்கத்தை, ஒரே முழக்கமாக்கிவிடுகின்றன. பாடுபவரின் குரலோ காதைக் கூசச் செய்கிறது. கையில் மீதமுள்ள 3,000 ரூபாய்க்கு விலை உயர்ந்த கேபிள் வாங்குவதா, அல்லது அதைச் சேமித்து ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ தொடங்கவில்லை. அறையிலும், அறைக்குள் ஸ்பீக்கர் நிற்கும் இடத்திலும் தொடங்குகின்றன. அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவில் முதல் பாதி சுழியம். மறுபாதி உங்கள் கையிருப்புக்குள் அடங்கக்கூடியது.

முதலில் முழக்கத்தை எடுத்துக்கொள்வோம். எதிரெதிரே நிற்கும் இரண்டு இணைச் சுவர்களுக்கு இடையே, அந்த இடைவெளியைப்போல் இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி நிலையலையாக நின்று வலுப்பெறுகிறது. நம் ஊர் வெப்பநிலையில் ஒலியின் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 348 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அறையின் பன்னிரண்டடி நீளம் சுமார் 48 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலம் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அதிர்வை வளர்க்கும். உயரமும் பத்தடியாக இருப்பதால் அதுவும் அதே 57 ஹெர்ட்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறது. இரண்டு பரிமாணங்கள் ஒரே அதிர்வெண்ணில் கூடுவதும், அவற்றின் மடங்கான 114 ஹெர்ட்ஸிலும் அதே கூட்டு நிகழ்வதும் உங்கள் அறையின் குறிப்பான சிக்கல். மிருதங்கத்தில் கும்கி வாசிக்கும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கிச் செல்ல வேண்டும். அந்த வழுக்கலில் ஓரிரு இடங்கள் மட்டும் பெருத்து மற்றவை மறைந்துவிட்டால், எந்த வித்வான் வாசித்தாலும் எல்லாம் ஒரே சுருதியில் உறுமுவதுபோலத்தான் கேட்கும்.

அறையின் மூலைகளில் இந்த நிலையலைகள் அனைத்திற்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆகவே மூலையில் வைத்த ஸ்பீக்கர் எல்லா நிலையலைகளையும் முழு வலிமையோடு தூண்டிவிடும். இது போதாதென்று, ஸ்பீக்கருக்கு அருகிலுள்ள ஒவ்வொரு பெரிய பரப்பும் தாழ்ந்த ஒலிகளைக் கிட்டத்தட்ட 6 டெசிபல் வரை உயர்த்திக் காட்டும். பின்சுவரும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் அந்த உயர்வு இரட்டிக்கிறது. ஸ்பீக்கரை வடிவமைத்தவர் இப்படியொரு இடத்தை மனத்தில் வைத்து அதைச் செய்திருக்க மாட்டார். நம் வீடுகளில் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைக் கூரைக்கு அருகே, சுவர் மூலையில், ஆணியடித்து மாட்டும் வழக்கமும் இதே குற்றத்தைத்தான் செய்கிறது. அங்கே மூன்று பரப்புகள் கூடுகின்றன, உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஒலிப்பானான ட்வீட்டரோ யாருடைய காதையும் நோக்காமல் எதிர்ச்சுவரை நோக்கிப் பேசுகிறது.

எனவே முதல் வேலை, ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து வெளியே எடுப்பது. பத்தடிச் சுவரின் முன்னால், பக்கச்சுவர்களிலிருந்து இரண்டடி தள்ளி, ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னே இருக்கும்படி வையுங்கள். அப்போது இரண்டுக்கும் இடையே ஆறடி கிடைக்கும். நீங்கள் உட்காரும் நாற்காலி உங்கள் முதுகுக்குப் பின்னுள்ள சுவரிலிருந்து நான்கடி தள்ளி இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக அமைவது நல்லது. முக்கோணம் சற்று நீண்டுவிட்டாலும் பெரிய கேடில்லை. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், நீளவாட்டு நிலையலைகள் உச்சம் பெறும் இடத்திலேயே உங்கள் தலை இருக்கிறது என்று பொருள். ஓரடி முன்னே இழுத்தாலே முழக்கம் தணிவதைக் கேட்கலாம். அதே சமயம் அறையின் நட்டநடுவில் உட்காருவதும் கூடாது, ஏனெனில் அங்கே 48 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

ஸ்பீக்கரின் ட்வீட்டர் உங்கள் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். இதற்காக விலை கொடுத்து ஸ்டாண்டு வாங்கத் தேவையில்லை. கட்டுமானப் பொருள் கடைகளில் கிடைக்கும் சிமெண்ட் ஹாலோ பிளாக்குகளில் மூன்றைப் படுக்கை வாட்டில் அடுக்கினால் இரண்டடி உயரமும் அசையாத எடையும் கிடைத்துவிடும். அவற்றைப் பழைய துணியால் போர்த்தி, மேல் பிளாக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நான்கு ரப்பர் துண்டுகளை வையுங்கள். முன்புறத் துண்டுகள் சற்றுத் தடிமனாக இருந்தால் ஸ்பீக்கர் மேல்நோக்கிச் சாய்ந்து, உயரத்தில் உள்ள குறை ஈடாகும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பவராக இருந்தால் இரண்டு பிளாக்குகளே போதும். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீடாக இருந்தால் மட்டும் இந்த அடுக்கைத் தவிர்த்து, அகன்ற அடித்தளமுள்ள மரப்பெட்டியொன்றைச் செய்து அதில் உலர்ந்த மணலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகள் எல்லாம் தொடக்கப்புள்ளிகளே. அறிமுகமான ஒரு பாடலை, அதாவது குரலும் தாழ்ந்த தாளவாத்தியமும் தெளிவாகப் பிரிந்து கேட்கும் ஒரு பதிவை, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஸ்பீக்கர்களை மூன்று நான்கு அங்குலமாக நகர்த்திக் கேளுங்கள். நல்ல இடம் தெரிந்தவுடன் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பெருக்கித் துடைப்பவர்கள் ஸ்பீக்கரை நகர்த்தினாலும் மீண்டும் அதே இடத்தில் வைக்க முடியும். ஸ்பீக்கரை உங்களை நோக்கிச் சற்றே திருப்பினால் நடுவிலுள்ள குரல் கூர்மையாகும். மிகுதியாகத் திருப்பினால் மேல்ஸ்தாயி கூசத் தொடங்கும், ஆகையால் முகத்தை முழுவதும் உங்கள்மேல் பதிக்காமல், தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டின் பார்வையும் சந்திக்கும்படி விடுவது பெரும்பாலும் பொருந்தும். ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ காற்றுத்துளை இருந்து, இவ்வளவுக்குப் பிறகும் பேஸ் மிகையாகத் தோன்றினால், ஒரு சுத்தமான காலுறையைச் சுருட்டி அந்தத் துளையில் தளர்வாகச் செருகிக் கேட்டுப் பாருங்கள். துளையின் ஒத்ததிர்வு அடங்கி பேஸ் குறையும், ஆனால் இறுக்கமாகும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதை நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்து தவழ்ந்தபடியே கேளுங்கள். எங்கே பேஸ் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால், உங்கள் இருக்கையிலும் அதே சீர்மை கிடைக்கும். மூலமும் கேட்பவரும் இடம் மாறினாலும் ஒலிப்பாதை மாறாது என்பதால் இது வேலை செய்கிறது.

இரண்டாவது குறை, குரலின் கூச்சம். இதற்குக் காரணம் உங்கள் அறையின் வெறுமை. அறைகளின் ஒலியை முதன்முதலாக முறையாக அளந்த வாலஸ் சபைன் இதை இருக்கை மெத்தைகளை வைத்தே கண்டறிந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில் ஒரு சொல்லைப் பேசினால் அது சுமார் ஐந்தரை நொடி அடங்காமல் நின்றது. 1895-இல் அதைச் சீராக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒவ்வொரு கூட்டலுக்கும் எதிரொலிப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்து, காலையில் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் மிக எளியது: அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலிப்பு நேரம் நொடிகளில் கிடைக்கும்.

உங்கள் அறைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கனஅளவு சுமார் 34 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு சுமார் 63 சதுரமீட்டர். பெயின்ட் அடித்த சுவரும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுவதில்லை. சராசரியாக மூன்று சதவீதம் என்று கொண்டால், பொருட்கள் இல்லாத அந்த அறையில் எதிரொலிப்பு ஏறத்தாழ மூன்று நொடி நீடிக்கும். வீட்டில் பாட்டுக் கேட்க அரை நொடிக்கு அருகில் இருப்பது இதம். அதற்கு மொத்தம் பதினொரு சதுரமீட்டருக்குச் சமமான உறிஞ்சும் பரப்பு வேண்டும். சுவர்களிடமிருந்து இரண்டு சதுரமீட்டர் கிடைக்கிறது, மீதமுள்ள ஒன்பதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கு நடு, மேல் ஸ்தாயிகளுக்குப் பொருந்தும்; தாழ்ந்த ஒலிகளில் சிறிய அறை வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை மேலேயே பார்த்தோம்.

அந்த ஒன்பதில் பெரும்பகுதி உங்கள் வீட்டிலேயே கிடைக்கலாம். பரணில் சுருட்டி வைத்திருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகள் மிகச் சிறந்த உறிஞ்சிகள். அவற்றில் இரண்டை உங்களுக்குப் பின்னாலுள்ள மூலைகளில் நிறுத்தி வைத்தால் மேல்ஸ்தாயியோடு பேஸின் மேற்பகுதியும் தணியும். பழைய கனத்த புடவைத் துணியோ திரைத்துணியோ இருந்தால், ஜன்னல் அகலத்தைப் போல இரு மடங்கு துணியை மடிப்புகளோடு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். தட்டையாக இழுத்துக் கட்டிய திரை ஏறக்குறைய பயனற்றது. தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தால் மேல்ஸ்தாயியின் கூர்மை சிறிதளவு குறையும். அதற்கடியில் பழைய போர்வைகள் இரண்டை மடித்துப் போட்டால் பலன் வெளிப்படையாகத் தெரியும். கோரைப்பாய் மட்டும் விரிப்பது போதாது, அது மிக மெல்லியது.

இதற்கு மேல் பணம் செலவிடுவதாக இருந்தால், உங்கள் 3,000 ரூபாயை ராக்வூல் பலகைகளில் செலவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கட்டடங்களுக்கு வெப்பத் தடுப்பாக விற்கப்படும் இந்தப் பலகைகளில், கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் 50 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளவை நம் தேவைக்குப் பொருந்தும். பலகையின் அளவுக்கு மரச்சட்டம் ஒன்றைத் தச்சரிடம் அடித்து வாங்கி, உள்ளே பலகையைப் பொருத்தி, பழைய பருத்தி வேட்டியால் முழுவதும் சுற்றித் தைத்துவிடுங்கள். துணியை வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் செல்ல வேண்டும். ரெக்சின் போன்றவற்றில் அது செல்லாது, ஒலியும் அப்படியே திரும்பிவிடும். ராக்வூலின் இழைகள் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்தும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வெளியிடத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு மாட்டினால், அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும்.

எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைப் பக்கச்சுவரின்மீது கைக்கண்ணாடியை ட்வீட்டரின் உயரத்தில் நகர்த்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே ஒலி முதன்முதலாக எதிரொலித்து உங்கள் காதை எட்டும் இடம். நேரடி ஒலிக்குச் சில மில்லிநொடிகள் கழித்து வந்து சேரும் இந்தப் பிரதிபலிப்பே குரலை மங்கலாக்கி, இடம் சுட்ட முடியாமல் பரப்பிவிடுகிறது. இரு பக்கச்சுவர்களிலும் இந்த இடங்களில் தலா ஒரு பலகையும், உங்களுக்குப் பின்சுவரில் இரண்டும் மாட்டினால், பாடுபவர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வந்து நிற்பதை நீங்கள் உணர்வீர்கள். ஆனால் எல்லாச் சுவர்களையும் மூடிவிடாதீர்கள். மேல்ஸ்தாயி மட்டும் செத்து, முழக்கம் மட்டும் மிஞ்சும் அறை முன்பைவிட மோசமாக ஒலிக்கும்.

முட்டை அட்டையும் தெர்மோகோலும் ஒட்டச் சொல்லும் அறிவுரைகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. தெர்மோகோலின் நுண்ணறைகள் மூடியவை, ஒலி அதனுள் நுழைவதில்லை. முட்டை அட்டை மேல்ஸ்தாயியில் சிறிதளவு மாற்றம் செய்யும். எளிதில் தீப்பற்றும் பொருளைச் சுவர் முழுக்க ஒட்டுவதற்கு அந்தப் பலன் ஈடாகாது. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இருபதடி. அதை ஓரங்குல ஃபோம் அடக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அறையிலுள்ள பொருட்கள் உடன்பாடுவதையும் நிறுத்த வேண்டும். பீரோவின் கதவு, ஷோகேஸின் கண்ணாடி, பரணிலுள்ள எவர்சில்வர் பாத்திரங்கள், ஜன்னல் கொக்கி ஆகியவை குறிப்பிட்ட அதிர்வெண்களில் கிணுகிணுக்கும். பலர் இதை ஸ்பீக்கரின் குறை என்று தவறாக எண்ணி அதைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். கைப்பேசியில் கிடைக்கும் ஏதேனுமொரு இலவச ஒலியெழுப்பும் செயலியைக் கொண்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக, மிதமான ஒலியளவில் ஏற்றிக்கொண்டே சென்றால் எது எப்போது நடுங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மடித்த காகிதமோ, நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் துண்டோ பெரும்பாலானவற்றை அடக்கிவிடும். இதே சோதனையில் 57 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒலி திடீரென்று பெருகுவதையும் நீங்களே கேட்பீர்கள். மின்விசிறியைப் பற்றியும் ஒரு சொல்: அதன் காற்றோசை பதிவின் மெல்லிய பகுதிகளை, குறிப்பாகத் தம்புராவின் மேல்நாதங்களை, முழுவதும் மூடிவிடுகிறது. கவனித்துக் கேட்கும் அரை மணி நேரத்துக்காவது அதன் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

கேபிளைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம் தடை கொண்டது. ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போகவர மொத்தம் 0.12 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது பொருட்படுத்தத் தக்கதல்ல, ஆகவே விலை உயர்ந்த கேபிள் உங்களுக்கு எதையும் தராது. இணைப்பின் துருவம்தான் முக்கியம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால் தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்புகளான இரண்டு வூஃபர்களும் எதிரெதிராக அசைந்து பேஸை ஒன்றுக்கொன்று அழித்துவிடும். குரல் நடுவில் நிற்காமல் அலையும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு ஒயரிலும் எதிர்முனையை மற்றதிலும் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். பொதுவாக வூஃபர் வெளியே தள்ள வேண்டும், எப்படியிருந்தாலும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே திசையில் அசைய வேண்டும். தனியே கழற்றிய ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால், கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ முனைகளும் ஒயர் நுனிகளும் பச்சை பிடிக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒயர் நுனியைப் புதிதாகச் சீவிப் பொருத்துங்கள்.

பின்னணியில் தாழ்ந்த இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் நிழல். லேப்டாப்பிலிருந்து பாட்டு வருகிறதென்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். டிவி இணைந்திருந்தால் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து மின்சாரம் எடுத்தாலே பல வீடுகளில் இது தீர்ந்துவிடும். எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தப் பின் உங்கள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது.

இனி அமைப்புகள். ஆம்ப்ளிஃபயரில் லவுட்னஸ் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த ஒலியளவில் நம் காதுக்கு பேஸ் குறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள்; அந்தக் குறையை ஈடுசெய்யவே இந்தப் பொத்தான். ஒலியை உயர்த்திக் கேட்கும்போதும் அது அமுங்கியே கிடந்தால் முழக்கத்தைக் கூட்டும். லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் உள்ள பேஸ் பூஸ்ட், சரவுண்ட் போன்ற மெருகூட்டல்களையும் நிறுத்திவிடுங்கள்.

இடமும் உறிஞ்சிகளும் ஒழுங்கான பிறகு எஞ்சும் முழக்கத்தை, குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரால் குறைக்கலாம். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். 57 ஹெர்ட்ஸுக்கு அருகே குறுகிய பட்டையில் ஐந்தாறு டெசிபல் குறைத்து, கும்கி சீராக வழுக்கும்வரை அதிர்வெண்ணைச் சற்றே முன்பின் நகர்த்துங்கள். ரூம் ஈக்யூ விசார்டு என்னும் மற்றோர் இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால் கண்ணாலேயே பார்த்துச் செய்யலாம். உயர்ந்திருப்பதைக் குறையுங்கள், பள்ளமாக இருப்பதை உயர்த்த முயலாதீர்கள். பத்து டெசிபல் உயர்த்தினால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திறன் தர வேண்டும், அறையோ அதையும் அழித்துவிடும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, ஒரே ஒலியளவில் ஒப்பிடுங்கள். சிறிதளவு உரக்கக் கேட்பது எப்போதும் சிறப்பாகக் கேட்பதுபோலவே தோன்றும். விற்பனைக் கடைகளில் நிகழும் பல தவறான தேர்வுகளுக்கு இதுவே காரணம். ஒப்பிடும் முன் கைப்பேசியின் ஒலியளவு மானியை உங்கள் இருக்கையில் வைத்து இரண்டையும் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை எப்போது மாற்றலாம் என்றால், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் ஒலியளவில் உச்சங்கள் மட்டும் கரகரத்து உடைந்தாலோ, ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டு வால்யூம் குமிழைத் திருகும்போது வரட்டுச் சத்தம் வந்தாலோ அதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டாவதற்குக் கூட முதலில் குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பார்ப்பதே முறை. நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. ஆகவே இன்றைக்கே ஷோகேஸிலிருந்து ஸ்பீக்கர்களை இறக்குங்கள். ராக்வூல் வாங்குவதைப் பற்றி ஒரு வாரம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.